அந்தப் பத்து நிமிடம் எந்தத் துறையின் கீழ் வருகிறது?

பெறுநர்: மக்கள் நல்வாழ்வு, பள்ளிக் கல்வி, போக்குவரத்து ஆகிய துறைகளின் செயலாளர்கள், தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரியோரே,

பேருந்து நிலையத்தில் பேசிக்கொண்டு நின்ற ஒருவர் பாதிப் பேச்சில் சரிகிறார். இதயம் நின்ற பத்துப் பதினைந்து நொடிக்குள் நினைவு போய்விடுகிறது. நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. விழும்வரை அவர் போக்குவரத்துத் துறையின் பயணி. ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு நல்வாழ்வுத் துறையின் நோயாளி. நடுவே தரையில் கிடக்கிறாரே, அந்தப் பத்து நிமிடம் அவர் யாருடைய ஆள்? அந்த நிமிடங்களுக்கு இங்கே பொறுப்பேற்கும் துறையும் இல்லை, கணக்கும் இல்லை. அவசரப் பிரிவிலும் ஆம்புலன்ஸிலும் முதலுதவிப் பயிற்சியிலும் இருக்கும் நாங்கள் இதைச் சொல்லாமல் இருப்பது இனிமேல் சரியாகாது என்பதால் எழுதுகிறோம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2008 முதல் 108 ஓடுகிறது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தால், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. நல்ல திட்டம். ஆனால் மாத்திரையை விழுங்க ஆள் நினைவோடு இருக்க வேண்டும். நினைவிழந்து விழுந்துவிட்டவருக்கு என்ன செய்வது என்பதற்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்று என்றே பத்திரிகைகள் எழுதுகின்றன. "மாரடைப்பால் மரணம்" என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அந்த ஆளுக்கு வலி இருக்கும், வியர்க்கும், பேசுவார், ஆட்டோவில் உட்கார்ந்து மருத்துவமனைக்குக்கூட வந்துவிடுவார். இதய நிறுத்தம் அப்படியல்ல. இதயத்தை இயக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, தசை துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகிறது. ரத்தம் ஒரு துளிகூட நகராது. மாரடைப்பு இதற்குப் பெரிய காரணம்தான். ஆனால் பிறவியிலேயே தடித்த இதயத் தசை, மின்னோட்டக் கோளாறு, மின்சாரம் தாக்குதல், விளையாடும்போது நெஞ்சில் விழும் அடி என்று வேறு காரணங்களும் உண்டு. மாரடைப்புக்கு மருத்துவமனை வேண்டும். இதய நிறுத்தத்துக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் நிற்பவரின் இரண்டு கைகள். இந்த வேறுபாட்டைத் திட்டம் வகுப்பவர்கள் மறந்தால் எல்லாப் பணமும் மருத்துவமனை வாசலுக்கு உள்ளேதான் செலவாகும்.

கணக்கைப் பாருங்கள். யாரும் எதுவும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. யாராவது நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் இந்தச் சரிவு 3, 4 சதவீதமாக மட்டுப்படுகிறது. ஆம்புலன்ஸ் எட்டே நிமிடத்தில் வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். விழுந்தவரைச் சுற்றி நின்று "என்ன ஆச்சு" என்று கேட்பதில் ஒரு நிமிடம், 108க்கு இடத்தை விளக்குவதில் ஒரு நிமிடம், வண்டி நின்ற பிறகு ஸ்ட்ரெச்சரோடு மாடி ஏறுவதில் ஒன்றிரண்டு நிமிடம். கூட்டினால் பத்தைத் தாண்டுகிறது. இன்னும் ஆயிரம் வண்டிகள் வாங்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஓட்டுநர்களை இன்னும் வேகமாக ஓட்டச் சொல்வதால் விபத்துதான் கூடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் நம் தெருவில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். வாயில் சோடா ஊற்றுவார்கள். நினைவில்லாதவருக்கு அது நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். இதயம் நின்ற முதல் சில நொடிகளில் கைகால் வெட்டி இழுக்கலாம். உடனே "வலிப்பு" என்று முடிவுகட்டிக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். வலிப்புக்கே இரும்பால் பயனில்லை, இது வலிப்புகூட இல்லை. பிறகு நாலு பேர் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோவார்கள். ஓடும் ஆட்டோவில் யாராலும் நெஞ்சை அழுத்த முடியாது. பயணம் முழுக்க மூளைக்கு ரத்தமே போகாது. இவர்கள் எல்லோரும் நல்ல மனதுக்காரர்கள். உதவ ஓடி வந்தவர்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் எங்கள் புகார்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது மூச்சு. இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் முதல் சில நிமிடங்கள் விட்டுவிட்டு மூச்சிழுப்பார்கள். வாய் திறந்து, தாடை அசைந்து, குறட்டை போலவோ விக்கல் போலவோ ஒரு சத்தம்; பிறகு பல நொடி அமைதி; மறுபடி ஒன்று. "மூச்சு இருக்குப்பா, உயிர் இருக்கு" என்று கூட்டம் ஆறுதல் கொள்ளும் இடம் இதுதான். அது சுவாசம் அல்ல, சாகப்போகும் மூளைத்தண்டின் கடைசி உதறல். அழுத்தத் தொடங்குவதற்கான அறிகுறியே அது. எங்கள் பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம்: கூப்பிட்டாலும் தோளைத் தட்டினாலும் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள். நாடி பார்க்கச் சொல்லாதீர்கள். பயிற்சி பெற்றவர்களே பதற்றத்தில் தங்கள் விரலில் துடிக்கும் நாடியை அவருடையது என்று நினைத்துவிடுவதுண்டு.

இனி செய்யும் முறை. துறைச் செயலாளர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். இது எவ்வளவு சிறிய பாடம், எத்தனை சுலபமாகச் சொல்லிக்கொடுக்கக்கூடியது என்று காட்டத்தான்.

அவரை மல்லாக்கக் கெட்டித் தரையில் கிடத்த வேண்டும். கயிற்றுக் கட்டிலிலும் பஞ்சு மெத்தையிலும் அழுத்தினால் மெத்தைதான் இறங்கும், நெஞ்சு இறங்காது. பேருந்து இருக்கையில் விழுந்திருந்தால் வண்டியை நிறுத்தி நடைபாதைத் தரையில் இறக்க வேண்டும். பக்கத்தில் மண்டியிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியை நெஞ்சின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வைக்க வேண்டும். இதயம் இடப்பக்கம் என்று நினைத்து இடது மார்பில் கை வைப்பது பெரும்பாலானோர் செய்யும் தவறு. மறு கையை மேலே வைத்து விரல்களைக் கோத்து, முழங்கையை மடக்காமல், தோள் கைக்கு நேர்மேலே வரும்படி நிமிர்ந்து, உடல் எடையால் அழுத்த வேண்டும். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். மேலெழும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்புகிறது. களைத்தவர்கள் நெஞ்சின் மீது சாய்ந்துகொண்டே அழுத்துவார்கள், அப்போது ரத்தம் நிரம்பாத இதயத்தைப் பிசைந்த கணக்குத்தான்.

தமிழில் எண்ணுபவர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தொடங்கினால் வேகம் சரியாக வரும். "இருபத்தொண்ணு, இருபத்திரண்டு" என்று போனதும் சொல் நீண்டு, கையும் மெதுவாகிவிடும். அதனால் பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். மூன்று பத்து ஆனால் முப்பது. ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்த பயிற்சிக் கையேடுகளில் இதெல்லாம் இருக்காது.

சரியாகச் செய்தாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மூளையைக் காப்பாற்றி வைக்க அது போதும். ஆனால் நிறுத்தினால் அழுத்தம் உடனே சரிந்துவிடும். மறுபடி பழைய நிலைக்கு ஏற்றப் பல அழுத்தங்கள் வீணாகும். ஆகவே எதற்காகவும் பத்து நொடிக்கு மேல் கை எடுக்கக் கூடாது. இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை தளரும், தளர்ந்தது தனக்கே தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். பயந்து நிறுத்தக் கூடாது. முறிந்த விலா ஆறிவிடும்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குபவர்கள் ஊத வேண்டாம். திடீரென விழுந்த பெரியவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கிறது. அதை ஓடவைத்தால் போதும். இந்திய மயக்க மருந்தியல் நிபுணர்கள் சங்கம் 2017இல் பொதுமக்களுக்காக வகுத்த முறையும் அழுத்தம் மட்டுமே கொண்டது. குழந்தைகள், நீரில் மூழ்கியவர்கள், தூக்கிலிருந்து இறக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு மட்டும் மூச்சும் கொடுக்க வேண்டும்: 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். மின்சாரம் தாக்கியவர் என்றால் மெயினை அணைத்த பிறகே தொட வேண்டும். அவ்வளவுதான் பாடம். இரண்டு பாடவேளை போதும். 1960இலேயே அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இந்த முறையை வெளியிட்டபோது, யாரும் எங்கும் தொடங்கலாம், வேண்டியது இரண்டு கைகள்தான் என்று எழுதிவிட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த வரி நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

பெண்கள் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சி.பி.ஆர். (மேலே சொன்ன நெஞ்சழுத்த முதலுதவி) கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. நம் ஊரில் நெஞ்சில் கை வைக்க ஆண்கள் ஏன் தயங்குவார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அழுத்துவதற்கு ஆடையை விலக்கவே வேண்டாம், சேலைக்கு மேலேயே அழுத்தலாம் என்பதைப் பயிற்சியில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் கருவி வந்த பிறகுதான் ரவிக்கையைக் கத்தரிக்க வேண்டிவரும்; அதன் பேடுகளை, அதாவது ஒட்டுத் தகடுகளை, நெஞ்சில் ஒட்டியதும் முந்தானையாலோ துப்பட்டாவாலோ மேலே மூடிவிடலாம். தாலிச் சங்கிலியைக் கழற்றித் தேடிக்கொண்டிருக்காமல், பேட் மேல் படாதபடி ஒதுக்கிவிட்டால் போதும். பயிற்சிப் பொம்மைகள் எல்லாம் ஆண் உடலாகவே இருப்பதும் இந்தத் தயக்கத்தை வளர்க்கிறது.

அழுத்துவது நேரத்தை நீட்டிக்கும். நடுங்கும் இதயத்தை மறுபடி ஒழுங்காகத் துடிக்க வைப்பது மின்னதிர்ச்சிதான். அதற்குத்தான் ஏ.இ.டி. என்ற தானியங்கி ஷாக் கருவி. விலை சுமார் ஒரு லட்ச ரூபாய், எடை ஒன்றிரண்டு கிலோ. மூடியைத் திறந்தால் அதுவே பேசும். ஒரு பேட் வலது காரை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். பேட் ஒட்டும் இடத்தில் வியர்வை இருந்தால் துண்டால் துடைக்க வேண்டும். சித்திரை வெயிலில் இதை மறந்தால் பேட் வழுக்கி விழும். அடர்ந்த முடி இருந்தால் மழிக்க வேண்டும். கருவி இதயத் துடிப்பை ஆராயும்போதும் ஷாக் கொடுக்கும்போதும் யாரும் தொடக் கூடாது. ஷாக் கொடுத்ததும் "துடிக்குதா" என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே அழுத்தத்தைத் தொடர வேண்டும். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சிறுவர் பேட் இல்லையென்றால் பெரியவர் பேடையே ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலுமாக ஒட்டலாம். துடிப்புள்ள ஆளுக்குத் தவறாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்; தேவையில்லை என்றால் கருவி கொடுக்காது.

2000இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் நடந்தது. காவலாளிகளிடம் ஏ.இ.டி. கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். எல்லா மூலையிலும் கேமரா இருந்ததால் விழுந்த நொடி துல்லியமாகத் தெரிந்தது. கண் முன்னே விழுந்து, மூன்று நிமிடத்துக்குள் ஷாக் பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டியவர்களில் 49 சதவீதம். ஷாக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, காவலாளிகள்.

ஆனால் உடனே டெண்டர் விட்டு ஆயிரம் பெட்டி வாங்கி மாட்டிவிடாதீர்கள். அதுவும் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. வாங்கிய கருவி எப்படிச் சாகிறது என்று எங்களுக்குத் தெரியும். பேட்டில் உள்ள பசை இரண்டு ஆண்டு அளவில் காய்ந்துவிடும். உறையில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். மின்கலம் நாலைந்து ஆண்டு வரும், பிறகு மாற்ற வேண்டும். பொதுவாக 50 டிகிரி வரை தாங்கும் கருவியை மேற்குப் பார்த்த சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினால் உள்ளே அதைத் தாண்டிவிடும். திருட்டுக்குப் பயந்து மேலாளர் அறை பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி இரவுக் காவலாளியிடம் இருக்காது. குரல் வழிகாட்டல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், பதறி நிற்கும் பூக்காரம்மாவுக்கு அந்தக் கருவி ஊமைதான். தீயணைப்புக் குடுவையில் நிரப்பிய தேதி எழுதிய அட்டை தொங்குகிறதே, அந்த அளவுக்குக்கூட இதற்கு ஒழுங்கு இல்லை. எந்தக் கட்டடத்தில் ஏ.இ.டி. இருக்கிறது என்று மக்கள் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடும் இல்லை.

இன்னொன்று. இதய நிறுத்தங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் வீட்டில் நடப்பவை. பேருந்து நிலையத்துப் பெட்டி அங்கே உதவாது. வீட்டில் இருப்பவர் மனைவியோ, மருமகளோ, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையோதான். பயிற்சி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நீங்கள் வாங்கும் எந்தக் கருவியாலும் இந்தக் கணக்கின் பெரிய பகுதியைத் தொட முடியாது. இந்தியாவில் வெளியான ஆய்வுகளில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடப் பக்கத்திலிருந்தவர் சி.பி.ஆர். செய்திருக்கவில்லை.

டென்மார்க்கும் 2001இல் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே சி.பி.ஆர். கிடைத்த நிலையில்தான் இருந்தது. 2005இல் பள்ளிகளில் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2006இல் ஓட்டுநர் உரிமத்துக்கு முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2010இல் 45 சதவீதம் பேருக்கு அக்கம்பக்கத்தார் சி.பி.ஆர். செய்திருந்தார்கள், முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்ததை உலகமே பார்த்தது. அணித் தலைவர் சைமன் கியேர் ஓடி வந்தார், மருத்துவக் குழு மைதானத்திலேயே அழுத்தியது, ஷாக் கொடுத்தது. அடுத்த ஆண்டே எரிக்சன், உடலுக்குள் பொருத்திய சிறு ஷாக் கருவியோடு, மறுபடி பந்து விளையாடினார். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் வீட்டுவசதிக் கழக அடுக்ககங்களின் மின்தூக்கிக் கூடங்களில் ஏ.இ.டி. இருக்கிறது, 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலரின் கைபேசிக்குச் செய்தி போகும் செயலி 2015 முதல் நடப்பில் உள்ளது. அவ்வளவு தூரம் போவானேன், கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் மறைவுக்குப் பிறகு, 2023இல், பொது இடங்களில் இந்தக் கருவியை வைக்கும் திட்டத்தை அவர் பெயராலேயே கர்நாடகம் அறிவித்தது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். சாலை விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைக் காவல்துறையும் நீதிமன்றமும் அலைக்கழிக்கக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆனால் அந்தப் பிரிவு மோட்டார் வாகன விபத்துக்கு மட்டுமே. பேருந்து மோதி விழுந்தவரைத் தொட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு. அதே பேருந்துக்குள் இதயம் நின்று விழுந்தவரைத் தொட்டால் அந்தப் பிரிவு உங்களுக்கு வராது. நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குப் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பொதுவான விலக்குத் தருகிறது என்று வழக்கறிஞர் சொல்வார். தெருவில் நிற்பவருக்கு வழக்கறிஞர் பக்கத்தில் இல்லை. "செத்துட்டா நம்மளத்தான் கேப்பாங்க" என்ற ஒரே பயம்தான் இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

108 கட்டுப்பாட்டு அறையில், இடத்தைக் கேட்டதும் அடுத்து வரும் இரண்டு கேள்விகள் எல்லா அழைப்புக்கும் கட்டாயமாக வேண்டும்: நினைவு இருக்கிறதா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால், வண்டி கிளம்பிய கையோடு, அழைத்தவரிடம் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போடச் சொல்லி, தரையில் கிடத்தச் சொல்லி, கூடவே எண்ணிக்கொண்டு அழுத்த வைக்க வேண்டும். "மூச்சு இருக்குதுங்க" என்று பதில் வந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் சொல்லச் சொல்லி இடைவெளியைக் கணக்கிட வேண்டும். அப்போதுதான் அந்த ஏமாற்று மூச்சு பிடிபடும். அழைப்புப் பதிவுகளை மாதந்தோறும் தணிக்கை செய்து, முதல் அழுத்தம் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது என்பதை வெளியிடுங்கள். உங்கள் பட்டியலில் மிகக் குறைந்த செலவில் மிக அதிக உயிரைக் காக்கப்போவது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. இருசக்கர ஆம்புலன்ஸ் உட்பட முதலில் போய்ச் சேரும் எந்த 108 வண்டியும் ஏ.இ.டி. இல்லாமல் போகக் கூடாது.

ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு இரண்டு மணி நேரம், வரும் கல்வியாண்டிலிருந்து. 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் என்ற திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே ஆதரித்துவிட்டது. சொற்பொழிவு வேண்டாம், ஸ்லைடு வேண்டாம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை. ஒன்றியத்துக்கு ஒரு தொகுப்பு வாங்கிப் பள்ளிதோறும் சுற்றுக்கு விட்டால் போதும். உடற்கல்வி ஆசிரியர்களும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பாசிரியர்களும் நடத்தட்டும். தேர்வு ஒன்றே ஒன்று: இரண்டு நிமிடம் நிறுத்தாமல் சரியான ஆழத்தில் அழுத்திக் காட்ட வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த எடை இருக்காது. பரவாயில்லை, அடையாளம் காணவும் 108ஐ அழைக்கவும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அந்தப் பிள்ளையால் முடியும். கற்றது சில மாதத்திலேயே மங்கத் தொடங்கும் என்பதால்தான் ஆண்டுதோறும் என்கிறோம். ஒருநாள் விழிப்புணர்வு விழாக்களையும் சாதனைப் புத்தகத்துக்கான கூட்டங்களையும் தயவுசெய்து பயிற்சியாகக் கணக்கில் காட்டாதீர்கள்.

போக்குவரத்துத் துறைக்கு: நடத்துநர் உரிமத்துக்கு முதலுதவிச் சான்றிதழ் ஏற்கெனவே கேட்கிறீர்கள். அந்தத் தாளோடு இதே இரண்டு நிமிடச் செய்முறைத் தேர்வையும் சேர்த்து, உரிமம் புதுப்பிக்கும்போதெல்லாம் நடத்துங்கள். பேருந்து நிலையக் கடைக்காரர்கள், சுமை தூக்குவோர், ஆட்டோ நிறுத்தத்தார் ஆகியோரைக் கட்டாயம் சேருங்கள். நாள் முழுதும் அங்கே இருப்பவர்கள் அவர்கள்தான்.

மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர் வீட்டுக்கே போகிறார்கள். அதாவது, இதயம் நிற்க அதிக வாய்ப்புள்ள வீடுகளின் முகவரி உங்கள் கையில் இருக்கிறது. அந்த வீட்டில் உள்ள இன்னொருவருக்கு, ஒரு தலையணையை வைத்துப் பதினைந்து நிமிடம் கற்றுத்தரும் பொறுப்பை, அதற்கான ஊதியத்தோடு, அவர்களிடம் கொடுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களையும் இதில் இணையுங்கள்.

ஏ.இ.டி. வாங்கும் ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: தமிழ்க் குரல் வழிகாட்டல், ஐந்தாண்டுக்கான மாற்று பேட், மின்கலம், பூட்டில்லாத, திறந்தால் ஒலியெழுப்பும் பெட்டி, நிழலான இடம், உள்ளே கத்தரிக்கோல், சவரக்கத்தி, துண்டு, மாதாமாதம் பார்த்துக் கையொப்பமிடும் அட்டை. விரைந்து நடந்தால் ஒன்றரை நிமிடத்தில் எட்டும் தூரத்தில் ஒன்று இருக்க வேண்டும். ரயில், பேருந்து நிலையங்கள், விளையாட்டரங்குகள், உடற்பயிற்சிக் கூடங்கள், பெரிய கோயில்கள், திருமண மண்டபங்கள் முதலில். 2023இல் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அமைத்து மக்களை நடக்கச் சொன்னீர்கள், அந்தப் பாதைகளிலும். தனியாரிடம் உள்ள கருவிகளையும் சேர்த்து ஒரே பதிவேடு, 108 திரையில் தெரியும்படி.

எந்த மருத்துவ அவசரத்தில் உதவினாலும் பொருந்தும் வகையில் உதவுபவரைக் காக்கும் மாநில நற்கருணையாளர் சட்டம் ஒன்று கொண்டுவாருங்கள். உதவியவர் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை, காவல் நிலையத்துக்கு வர வேண்டியதில்லை என்ற இரண்டு வரியைப் பேருந்துகளில் எழுதி ஒட்டுங்கள்.

மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் ஒவ்வொரு இதய நிறுத்தத்தையும் பதிவு செய்யுங்கள்: எங்கே, யார் பார்த்தார், யார் அழுத்தினார், எப்போது ஷாக், வீடு திரும்பினாரா. பிழைத்தவர் நாற்பது வயதுக்குள் என்றால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இசிஜி, எக்கோ பரிசோதனை அரசுச் செலவில். ஆண்டறிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள்.

கடைசியாக, இவை அனைத்துக்கும் முன்னதாக நடக்க வேண்டியது ஒன்று. மூன்று துறைக்கும் பொதுவாக ஓர் அதிகாரியை நியமித்து, விழுந்த நொடியிலிருந்து ஆம்புலன்ஸ் கதவு திறக்கும்வரை உள்ள நேரத்துக்கு அவரே பொறுப்பு என்று அரசாணை வெளியிடுங்கள். அந்த அதிகாரியின் பெயரையும் பதவியையும் 90 நாளுக்குள் எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அவசர மருத்துவப் பணியிலும் முதலுதவிப் பயிற்சியிலும் உள்ளோர்